அரங்கேற்றத்தோடு சலங்கையைக் கழற்றலாமா?

எம்மவர் வீடுகளில் அரங்கேற்றம் என்றால் ஒரு கலியாணத்துக்குரிய ஆயத்தம் நடக்கும். மண்டபம், பக்கவாத்தியம், பட்டுச்சேலை, வீடியோ, வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று ஆயிரக்கணக்கான பவுண் செலவாகும். அழைப்பிதழ் கிடைத்த எல்லோரும் வந்து வாழ்த்துவார்கள். மறுவாரமே சலங்கை அலுமாரிக்குள் போய்விடும். "ஆடினது காணும், இனிப் படி" என்று நாங்களே சொல்லிவிடுவோம்.

அண்மையில் இலண்டனில் ஒரு நடன ஆசிரியையின் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். அவரே அமைத்து அவரே ஆடிய நடனம். ரிக்கற் பத்துப் பவுண். அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிற் பாதிப்பேர் கூட வரவில்லை. முன்வரிசை வெறுமையாகக் கிடந்தது. பிள்ளையின் மேடைக்கு அள்ளிக் கொடுக்கும் நாம், குருவின் மேடைக்குப் பத்துப் பவுண் கொடுக்கத் தயங்குகிறோம்.

இந்த நாட்டில் நடனத்தைத் தொழிலாகக் கொண்டு வாழ முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும் என்பதற்குச் சான்று உண்டு. சென்னையிற் பிறந்த ஷோபனா ஜெயசிங் 1980களின் இறுதியில் இலண்டனில் தமது நடனக் குழுவைத் தொடங்கினார். பரதநாட்டியத்தில் வேரூன்றிப் புதிய நடனங்களை அமைத்தார். 2010 இல் சமர்செற் ஹவுஸ் முற்றத்தில், நிலத்திலிருந்து பீறிடும் நீரூற்றுகளுக்கு நடுவே அவரது 'கவுன்ரர்பொயின்ற்' ஆடப்பட்டது. அது எவரும் போய்வரக்கூடிய பொதுமுற்றம். 1995 இல் எம்.பி.ஈ., 2020 இல் சி.பி.ஈ. விருதுகளும் அவருக்குக் கிடைத்தன.

1979 இல் தாரா ராஜ்குமார் இலண்டனில் ஆரம்பித்த 'அகடெமி' நிறுவனமும் தெற்காசிய நடனத்தைப் பொதுஇடங்களுக்குக் கொண்டுவந்தது. 2000 இலும் 2003 இலும் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள சவுத்பாங்க் கட்டடங்களைச் சுற்றிப் பெரிய நிகழ்ச்சிகளை நடத்தியது. பரதநாட்டியத்தின் பெயரே அறியாத வழிப்போக்கரும் நின்று பார்க்கக்கூடிய நிகழ்ச்சிகள் அவை.

இவற்றுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இங்கிலாந்தில் ஆர்ட்ஸ் கவுன்சில் அரசாங்கப் பணத்தையும் தேசிய லொட்டரிப் பணத்தில் ஒரு பங்கையும் கலைஞர்களுக்கு வழங்குகிறது. உதவி கேட்டு விண்ணப்பிக்கும் நடன அமைப்பாளர், தமது படைப்பை யார் பார்க்கப் போகிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். மண்டபக்காரரும் கதிரைகளை எண்ணித்தான் அடுத்தமுறை அழைப்பார். ஆகவே நீங்கள் போய் அமரும் ஒவ்வொரு கதிரையும் அந்தக் கலைஞருக்கு ஒரு சாட்சி.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு வீட்டு வாடகையே பெரும் சுமை என்பது எமக்குத் தெரியும். காசில்லாமலும் ஆதரவு கொடுக்கலாம். கோடைகாலத்தில் பூங்காக்களிலும் சதுக்கங்களிலும் இலவச நடன நிகழ்ச்சிகள் நடக்கும். உங்கள் ஊர் நூல்நிலையத்து அறிவித்தற் பலகையைப் பாருங்கள். திறந்தவெளியில் குழந்தை அழுதால் எழுந்து உலாவலாம். ஆங்கிலம் தெரியவேண்டும் என்பதுமில்லை. ரிக்கற் நிகழ்ச்சியானால், "கன்செஷன் இருக்கிறதா?" என்று கேளுங்கள். மாணவர், முதியோர், அரச உதவிப்பணம் பெறுவோர் ஆகியோருக்குப் பல அரங்குகள் விலையைக் குறைத்துக் கொடுக்கின்றன. நிகழ்ச்சி முடிந்தபின் கலைஞரிடம் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் அடுத்தமுறை கூட்டிப் போங்கள்.

எங்கள் பிள்ளைகள் எல்லோரும் நடனக்காரராக வேண்டும் என்று சொல்லவில்லை. நூறு பேரில் ஒருத்தி, "அம்மா, இதையே என் தொழிலாக்கப் போகிறேன்" என்று சொல்லக்கூடும். அன்று அவள் ஆடும் மண்டபத்தில் ஆட்கள் இருக்கவேண்டுமானால், இன்று ஆடுபவர்களின் மண்டபத்துக்கு நாம் போகவேண்டும்.