சேலை கட்டி வந்தால் கள்ள ஓட்டா?

காலை 7 மணி. ஓட்டுச்சாவடி வாசலில் 2 கியூ நிற்கிறது. ஆண்கள் ஒரு பக்கம். பெண்கள் ஒரு பக்கம். சேலை கட்டி, பூ வைத்து ஒரு திருநங்கை வருகிறார். எந்தக் கியூவில் நிற்பது? பெண்கள் கியூவில் நின்றால் முன்னால் நிற்கும் அம்மா திரும்பித் திரும்பிப் பார்ப்பார். ஆண்கள் கியூவில் நின்றால் பின்னால் இருந்து விசில் வரும்.

ஒருவழியாக உள்ளே போனால் அங்கே அடுத்த சங்கடம் காத்திருக்கிறது. லிஸ்டில் இருப்பது ஆண் பெயர். ஒட்டியிருப்பது அரும்பு மீசை போட்டோ. கட்சி ஏஜெண்டு சும்மா இருப்பாரா? "சார், இது கள்ள ஓட்டு!" என்று சத்தம் போட்டால் சாவடியே எட்டிப் பார்க்கும்.

திருநம்பிகளுக்கும் இதே கதைதான், தலைகீழாக. லிஸ்டில் பெண் பெயர். ஆள் வருவதோ தாடியோடு.

இந்த 5 நிமிஷத்துக்குப் பயந்தே வீட்டோடு இருந்துவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் இந்த இடத்தில் சட்டம் ஓட்டுப் போட வந்தவரை அப்படியே கைவிட்டுவிடவில்லை. அது ஓட்டுப் போட வருகிறவருக்கும் தெரிவதில்லை, சத்தம் போடும் ஏஜெண்டுக்கும் தெரிவதில்லை.

2 ரூபாய் கட்டணும்!

ஒருவர் ஓட்டை ஆட்சேபிக்க வேண்டுமானால் ஏஜெண்டு வாயால் கத்தினால் போதாது. 2 ரூபாய் ரொக்கம் கட்ட வேண்டும். 1961-ம் ஆண்டு தேர்தல் விதியில் உள்ள தொகை இது. (அன்றைக்கு அது பெரிய பணம். இன்றைக்கு டீகூட கிடைக்காது.)

பணம் கட்டிய பிறகு சாவடி அதிகாரி அங்கேயே விசாரிப்பார். விசாரணை எதைப் பற்றி? "லிஸ்டில் உள்ள ஆளும் வந்திருக்கிற ஆளும் ஒருவர்தானா?" என்பது மட்டும்தான். ஆணா, பெண்ணா என்பது விசாரணையே அல்ல. லிஸ்டில் எழுத்துப் பிழை, அச்சுப் பிழை இருந்தால் அதைப் பெரிதுபடுத்தக் கூடாது, ஆள் சரியாக இருந்தால் ஓட்டுப் போட விட வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. வீண் ஆட்சேபணை என்று தெரிந்தால் ஏஜெண்டு கட்டிய 2 ரூபாயும் போச்சு!

இருந்தாலும் தேர்தல் அன்று போய் வாதாடுவதைவிட, முன்கூட்டியே லிஸ்டைத் திருத்திவிடுவது மேல்.

22 ஆயிரம் எங்கே? 8 ஆயிரம் எங்கே?

2009-ம் ஆண்டு நவம்பரில்தான் "ஆண், பெண்" தவிர "இதரர்" என்று பதிந்துகொள்ளத் தேர்தல் கமிஷன் அனுமதித்தது. 2014-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாடு அதற்கும் முந்தி, 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்துவிட்டது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் இந்தப் பிரிவில் எழுதப்பட்டவர்கள் 22,364 பேர். இதில் குழந்தைகளும் சேர்த்தி. 13 வருஷம் கழித்து, 2024 பாராளுமன்றத் தேர்தலில் மூன்றாம் பாலினம் என்று ஓட்டர் லிஸ்டில் இருந்தவர்கள் 8,467 பேர்!

மற்றவர்கள் எங்கே? சிலர் பழைய பெயரிலேயே ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கலாம். சிலர் லிஸ்டிலேயே இல்லை.

லிஸ்டில் இருந்தவர்களிலும் எல்லோரும் சாவடிக்கு வரவில்லை. நாடு முழுக்க 2019-ல் 100-க்கு 15 பேர்கூட ஓட்டுப் போடவில்லை. 2024-ல் 27 பேர் போட்டார்கள். ஏறுமுகம்தான். ஆனால் இன்னும் 73 பேர் வரவில்லையே!

"அப்பா பெயர் என்ன?"

திருநங்கைகள் பலர் சின்ன வயதில் வீட்டை விட்டு வந்தவர்கள், அல்லது விரட்டப்பட்டவர்கள். ஓட்டர் லிஸ்டில் சேர 6-ம் நம்பர் பாரம் கொடுக்க வேண்டும். அதில் உறவினர் பெயர் கேட்கும். முகத்தில் முழிக்காதே என்று சொன்ன அப்பாவின் பெயரை எழுதுவதா?

வேண்டாம். பாரத்தில் அப்பா, அம்மா, கணவன், மனைவி என்று இருக்கும் வரிசையிலேயே மூன்றாம் பாலினத்தவர் என்றால் "குரு" பெயரை எழுதலாம் என்று அச்சடித்தே இருக்கிறது. வீட்டை விட்டு வந்தவரைச் சேர்த்துக்கொண்டு சோறு போட்டு, மகளாக வளர்ப்பவர்தான் குரு. சர்க்கார் பாரத்தில் அந்த உறவுக்கு ஒரு இடம் கிடைத்திருப்பது சின்ன விஷயமல்ல.

முன்பே பெயர் இருந்து, பெயரையோ பாலினத்தையோ போட்டோவையோ மாற்ற வேண்டும் என்றால் 8-ம் நம்பர் பாரம். வீடு மாறினாலும் இதே பாரம்தான்.

அடுத்த முட்டுக்கட்டை விலாசம். திருநங்கைக்கு வாடகை வீடு கிடைப்பதே குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தரமாட்டார். கேஸ் பில், பாங்கு பாஸ் புக், ஆதார் இவற்றில் ஒன்று இருந்தால் தப்பித்தார். வீடே இல்லாமல் பிளாட்பாரத்தில் படுப்பவருக்கும் வழி இருக்கிறது. சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் நேரில் வந்து, சொன்ன இடத்தில்தான் படுக்கிறாரா என்று பார்ப்பார். ஒரு நாள் அல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட நாள் வருவார். பார்த்து உறுதி செய்துவிட்டால் விலாசத்துக்கு வேறு காகிதம் தேவையில்லை.

சிறப்புத் திருத்தம் வந்தது

2025-ம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டில் ஓட்டர் லிஸ்டு சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் பாரம் வந்தது. 2002, 2005-ல் எடுத்த பழைய லிஸ்டில் உங்கள் பெயர் இருந்ததா, இல்லாவிட்டால் பெற்றோர் பெயர் இருந்ததா என்று கேட்டார்கள். குடும்பத்தோடு இருப்பவருக்கு இது ஒரு போன் போட்டால் தீரும் வேலை. வீட்டை விட்டு வந்த 20 வயசுப் பிள்ளை யாருக்குப் போன் போடும்?

டிசம்பர் 19-ந் தேதி வெளியான வரைவு லிஸ்டில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. செத்தவர், இடம் மாறியவர், இரண்டு இடத்தில் இருந்தவர் என்று காரணம் சொல்லப்பட்டது. அடிக்கடி வீடு காலி செய்ய வைக்கப்படும் திருநங்கையும் லிஸ்டில் "இடம் மாறியவர்"தான். விடுபட்டவர் மறுபடி 6-ம் நம்பர் பாரத்தில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அங்கே போய்க் கேள்!

ஒருபால் ஈர்ப்பு உள்ள பையன்கள், பெண்கள் சங்கதி வேறு. லிஸ்டில் அவர்களுக்குத் தனிக் கட்டம் இல்லை. தேவையும் இல்லை. கியூவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எந்தக் கட்சி ஏஜெண்டாலும் எண்ண முடியாத ஓட்டு அது. அதனாலேயே பல கட்சிகள் அந்த ஓட்டைப் பற்றிக் கவலைப்படுவதும் இல்லை.

2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இவர்களைக் குற்றவாளி ஆக்கிய சட்டப் பிரிவை வெட்டியது. 2021-ல் மதுரையில் இருந்து சென்னைக்கு வந்த 2 பெண்கள் வழக்கில், இப்படிப்பட்ட ஜோடிகளைப் போலீசார் தொந்தரவு செய்யக்கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார். அடுத்த ஆண்டே போலீஸ் நடத்தை விதி திருத்தப்பட்டது. இதுவரை கோர்ட்டு கொடுத்தது.

ஆனால் 2023 அக்டோபர் 17-ந் தேதி, கல்யாண உரிமை கேட்டுப் போனபோது சுப்ரீம் கோர்ட்டு கையை விரித்துவிட்டது. அது பாராளுமன்றம் செய்ய வேண்டிய வேலை என்று சொல்லிவிட்டது. பாராளுமன்றத்துக்கு ஆளை அனுப்புவது யார்? ஓட்டர்தானே! 2009 முதல் சென்னையில் வானவில் ஊர்வலம் போகும் இளசுகள் எத்தனை பேர் ஓட்டர் லிஸ்டில் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டிய நேரம் இது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஓட்டர் லிஸ்டு ரகசியமல்ல. பெயரும் வீட்டு நம்பரும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த ஜோடி, புது விலாசத்தில் பெயரை மாற்றும் முன் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மேயர் போனார், கவுன்சிலர் வந்தார்

மத்தியப் பிரதேசம் கட்னி நகரில் கமலா ஜான் என்ற திருநங்கை மேயர் ஆனார். பெண்களுக்கு ஒதுக்கிய பதவி அது. "இவர் ஆண்" என்று சொல்லி 2003-ல் அவர் பதவி பறிபோனது. ஜெயிக்க வைத்த ஓட்டர்களுக்கு இல்லாத சந்தேகம் கோர்ட்டுக்கு வந்தது!

தமிழ்நாட்டில் கதை மாறியது. 2020 ஜனவரியில் திருச்செங்கோடு ஒன்றியக் கவுன்சிலராக ரியா ஜெயித்தார். 2022 பிப்ரவரியில் வேலூர் மாநகராட்சி 37-வது வார்டில் கங்கா ஜெயித்தார். இருவரும் தி.மு.க. சார்பில் நின்றவர்கள். ஜெயிக்க வைத்தது அந்தந்த வார்டு ஜனங்கள்.

17 வயசு ஆச்சா?

18 வயசு ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 17 முடிந்ததுமே 6-ம் நம்பர் பாரம் கொடுத்து வைக்கலாம். முன்பு ஜனவரி 1 ஒன்றுதான் கணக்கு. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என 4 தேதிகள். எந்தத் தேதியில் 18 நிரம்புகிறதோ அதையொட்டிப் பெயர் சேரும். சந்தேகம் இருந்தால் 1950 என்ற நம்பருக்குப் போன் செய்து கேட்கலாம்.

கூடப் படிக்கிற நண்பர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பாரம் எழுதித் தரலாம். வாடகை ஒப்பந்தம் போட வீட்டுக்காரரிடம் பேசிப் பார்க்கலாம். ஓட்டுப் போடும் நாளில் கியூவில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராகச் சேர்ந்து நிற்கலாம். விசில் அடிக்கிறவன் கொஞ்சம் யோசிப்பான்.