வேகமும் தூரமும்



சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மாலை என்னிடம் பயின்ற பழைய மாணவன் ஒருவன் என் இல்லத்துக்கு வந்தான். நான் ஓய்வு பெற்ற ஆண்டில் அவன் எட்டாம் வகுப்பில் இருந்தான். இப்பொழுது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 800 மீட்டர், 1500 மீட்டர் ஓட்டங்களில் கல்லூரிக்குப் பரிசுகள் பல வாங்கித் தந்தவன். வணங்கி நின்று, “ஐயா, மாரத்தான் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஆசி கூறுங்கள்” என்றான்.

“எவ்வளவு பயிற்சி செய்திருக்கிறாய்?” என்று கேட்டேன்.

“வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறேன், ஐயா. ஒரு முறை 10 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன். போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வேகமாக ஓடத் தெரிந்தவனுக்கு மெதுவாக ஓடுவதில் என்ன சிரமம்?” என்றான்.

வேகமாக ஓடத் தெரிந்தவனுக்கு நெடுந்தூரம் ஓடுவதில் என்ன சிரமம்? நியாயமான கேள்விதான். அன்று அவனுக்குச் சொன்ன விடையை இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முதலில் நாம் கிரேக்க நாட்டுக்குச் செல்லவேண்டும்.

1896ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஏதென்ஸ் நகரில் புதுக் காலத்தின் முதல் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. அங்கு ஓடிய ஒரே ஆஸ்திரேலியர் எட்வின் ஃபிளாக். இருபத்திரண்டு வயதுடைய அவர் லண்டனில் கணக்காய்வு நிலையம் ஒன்றில் பணிபுரிந்து வந்தார். விடுமுறை பெற்று ஏதென்ஸுக்கு வந்திருந்தார். ஏப்ரல் 7ஆம் தேதி 1500 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பெற்றார். 9ஆம் தேதி 800 மீட்டர் ஓட்டத்திலும் முதலிடம் பெற்றார். 10ஆம் தேதி மாரத்தான் ஓட்டம். அதிலும் கலந்துகொள்ள அவர் துணிந்தார். அத்தகைய தூரத்தை அவர் அதற்கு முன் ஓடியதே இல்லை.

இத்துணிவு அவர் ஒருவருக்கு மட்டும் தோன்றியதன்று. 1500 மீட்டரில் இரண்டாவதாக வந்த அமெரிக்கர் ஆர்தர் பிளேக், மூன்றாவதாக வந்த பிரெஞ்சுக்காரர் லெர்மூசியோ ஆகிய இருவரும் மாரத்தானில் ஓட முன்வந்தனர். ஆக, 1500 மீட்டரில் முதல் மூன்று இடங்களைப் பெற்றவர் மூவரும் அந்தப் பிற்பகலில் மாரத்தான் என்னும் சிற்றூரில் நின்றனர். ஏதென்ஸ் அரங்கம் 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. இப்பொழுது வழங்கும் 42.195 கிலோமீட்டர் என்னும் அளவு 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஓடப்பட்டு, 1921ஆம் ஆண்டில் நிலைபெற்றது.

பாதை தொடக்கத்தில் கடலை ஒட்டிய சமவெளி. பின்னர் அது படிப்படியாக மேடேறி, ஏறக்குறைய முப்பதாவது கிலோமீட்டர் வரை ஏற்றமாகவே சென்று, அதன்பின் நகரை நோக்கி இறங்குகிறது. சமவெளியில் லெர்மூசியோ முன்னே பாய்ந்தார். ஃபிளாக்கும் பிளேக்கும் அவரைப் பின்தொடர்ந்தனர். பார்த்தவர்கள் வெளிநாட்டார் வெற்றி உறுதி என்றே எண்ணியிருப்பார்கள். 23ஆவது கிலோமீட்டரில் பிளேக் நின்றுவிட்டார். 32ஆவது கிலோமீட்டரில் லெர்மூசியோ நின்றுவிட்டார். ஃபிளாக் முதலிடத்துக்கு வந்தார். சிறிது தூரத்துக்குள் மாரூசி என்னும் ஊரைச் சேர்ந்த ஸ்பிரிடோன் லூயிஸ் அவரை எட்டிப் பிடித்துக் கடந்து சென்றார். ஏறக்குறைய 37ஆவது கிலோமீட்டரில், அரங்கத்துக்கு மூன்று நான்கு கிலோமீட்டரே எஞ்சியிருந்தபோது, ஃபிளாக் தள்ளாடி விழுந்தார். தாங்கிப் பிடிக்க வந்த ஒருவரைத் தாக்க வந்தவர் என மயங்கி, அவரையே அடித்துவிட்டார் என்று சொல்வார்கள்.

லூயிஸ் 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் அரங்கத்தை அடைந்தார். தொடங்கியவர் பதினேழு பேர். முடித்தவர் ஒன்பது பேர். 1500 மீட்டர் வீரர் மூவருள் ஒருவர்கூட முடிக்கவில்லை. வெளிநாட்டாருள் இறுதிவரை ஓடியவர் ஹங்கேரியரான கெல்னர் ஒருவரே. அவர் அந்தத் தூரத்தை முன்பே ஓடிப் பழகியவர். கிரேக்கர்களும் சில வாரங்களுக்கு முன்பே அதே பாதையில் தகுதிப் போட்டிகள் நடத்தியிருந்தனர். இச்செய்தியை மனத்தில் இருத்துங்கள். அன்று முடித்தவர்களையும் முடியாதவர்களையும் பிரித்தது வேகமன்று. தூரத்தோடு ஏற்பட்டிருந்த பழக்கமே.

இதன் காரணம் யாது? உடலின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

நம் தசைகளுக்கு எரிபொருள் இரண்டு: மாவுச்சத்து ஒன்று, கொழுப்பு மற்றொன்று. மாவுச்சத்து கிளைக்கோஜன் என்னும் வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரைதான். ஒரு கிராமுக்கு நான்கு கலோரி என்றால், மொத்தம் 1600 முதல் 2000 கலோரி. ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, அவருடைய எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ள இளைஞன் 42 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 2500 கலோரி வேண்டும். கையிருப்பைவிடச் செலவு மிகுதி என்பதை நீங்களே காண்கிறீர்கள்.

எஞ்சியதைக் கொழுப்பு தரவேண்டும். மெலிந்த உடலிலும் கொழுப்பு ஏராளமாக உண்டு. ஆனால் அது மெல்ல எரிவது; எரிவதற்குப் பிராணவாயுவும் கூடுதலாக வேண்டும். வேகம் கூடக்கூட உடல் கொழுப்பைக் குறைத்து மாவுச்சத்தையே மேலும் மேலும் எடுத்துச் செலவழிக்கிறது. 1500 மீட்டர் ஓடுபவனுக்கு இதனால் தீங்கில்லை. சேமிப்புத் தீருமுன்னே அவன் ஓட்டம் முடிந்துவிடும். அவனே மாரத்தானில் இறங்கினால், தனக்கு மெதுவெனத் தோன்றும் வேகம் உண்மையில் மிகையான வேகமாக இருக்கும். முப்பதாவது கிலோமீட்டர் அளவில் களஞ்சியம் காலியாகும். கால்கள் கட்டையாகும். மூளைக்குரிய சர்க்கரையும் குறைந்தால் அறிவும் தடுமாறும். லெர்மூசியோவும் ஃபிளாக்கும் எந்த இடங்களில் ஓய்ந்தனர் என்பதை மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.

நெடுந்தூரத்தை மெதுவாக, வாரந்தோறும், மாதக்கணக்கில் ஓடிப் பழகினால் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரிக்கும் திறனும் வளர்கிறது. மாவுச்சத்தின் சேமிப்பும் சிறிது கூடுகிறது. ஐந்து வாரத்தில் இம்மாற்றங்கள் தொடங்கலாம், முற்றுப்பெறா.

இரண்டாவது காரணம் எலும்பும் தசைநாணும். ஓட்டத்தில் ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுமை காலில் இறங்குகிறது. 42 கிலோமீட்டருக்கு அடிகள் சுமார் நாற்பதாயிரம். இருதயமும் மூச்சும் சில வாரங்களில் பயிற்சிக்கு இசைந்துவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் பல மாதங்கள் வேண்டும். ஆகவே, நடுத்தூர ஓட்டக்காரனுக்குப் புதிதாக ஓடத் தொடங்குபவனைவிட ஒரு வகையில் ஆபத்து மிகுதி. புதியவனை மூச்சு இளைப்பே நிறுத்திவிடும். இவனுடைய மூச்சோ “ஓடு, ஓடு” என்று தூண்டும்; கால் எலும்பு அதைத் தாங்க ஆயத்தமாக இராது.

இதை நான் நூல்களில் மட்டும் கற்கவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், உதவி ஆசிரியனாக இருந்தபோது, பள்ளியின் ஓட்டக் குழுவைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. மாவட்டப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கையில் எங்கள் நெடுந்தூர ஓட்டக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டான். புள்ளிகளை இழக்க எனக்கு மனமில்லை. 800 மீட்டரில் முதல்வனாக இருந்த பதினாறு வயதுப் பையன் ஒருவனை அவ்விடத்தில் சேர்த்து, நாள்தோறும் நெடுந்தூரம் ஓடச் செய்தேன். மூன்றாவது வாரத்தில் அவன், “சார், முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது” என்றான். தசைவலி என்று கூறி எண்ணெய் தேய்க்கச் சொன்னேன். போட்டியில் ஓடினான், மூன்றாம் பரிசும் பெற்றான். மறுநாள் அவனால் காலை ஊன்ற இயலவில்லை. எக்ஸ்ரே படத்தில் கணுக்காலுக்கு மேல் எலும்பில் மெல்லிய வெடிப்பு ஒன்று தெரிந்தது. அந்த ஆண்டு முழுவதும் அவன் ஓடவில்லை; அவனுக்கு உயிரான 800 மீட்டரும் போயிற்று. அவன் என்னை ஒருநாளும் குறை கூறியதில்லை. பிழை என்னுடையது என்பதை நான் அறிவேன்.

இவ்விடத்தில் உங்களுள் சிலர் ஒரு தடை எழுப்பலாம். “1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கிய வீரர் எமில் ஜாடோபெக் 5000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் வென்றபின், வாழ்க்கையில் முதன்முறையாக மாரத்தான் ஓடி அதிலும் முதலிடம் பெறவில்லையா?” என்று கேட்கலாம். உண்மைதான். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 23 நிமிடம் 3.2 விநாடி. ஆனால் அவர் பயிற்சியை நோக்குங்கள். 400 மீட்டர் ஓட்டத்தை ஒரே நாளில் பல பத்து முறை, இடையிடையே மெல்லோட்டத்துடன், ஆண்டுக்கணக்கில் ஓடியவர் அவர். மாரத்தான் என்னும் பந்தயம் அவருக்குப் புதிது. தூரம் அவர் கால்களுக்குப் புதிதன்று. ஃபிளாக்குக்கோ இரண்டுமே புதியன.

ஆதலால், மாரத்தான் ஓட விரும்பும் நடுத்தூர ஓட்டக்காரருக்கு நான் கூறுவது இது. முதலில் மருத்துவரிடம் உடலைச் சோதித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் நெடிய ஓட்டத்துக்கென ஒதுக்கி, தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அந்த ஓட்டத்தில், உடன் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். எலும்பின் ஒரே இடத்தில் வலி நிலைத்தால் ஓய்வெடுங்கள். போட்டி நாளன்று தாகத்துக்கு ஏற்ப நீர் பருகுங்கள். அளவுக்கு மீறிப் பருகினால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவும் ஆபத்தாகும். நம் ஊர் வெப்பத்தில் தலை சுற்றினாலோ, பேச்சுக் குழறினாலோ அக்கணமே நின்றுவிடுங்கள். நிற்பது இழிவன்று. ஃபிளாக் மாரத்தானை முடிக்கவில்லை. ஆயினும் அவருடைய இரண்டு வெற்றிகளும் வரலாற்றில் அப்படியே இருக்கின்றன.

என் மாணவன் இவற்றையெல்லாம் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, “அப்படியானால் இந்த ஆண்டு 10 கிலோமீட்டர் ஓடுகிறேன், ஐயா. மாரத்தான் அடுத்த ஆண்டு” என்றான். அவன் கேட்ட ஆசியை அப்பொழுதுதான் கொடுத்தேன். இப்பொழுது ஞாயிறுதோறும் விடியற்காலையில் ஓடுகிறான். ஓடிய தூரத்தை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வந்து என்னிடம் காட்டுகிறான். சென்ற வாரம் எழுதியிருந்த எண் 18. அடுத்த வாரத்துக்கு 19 என்று நான் எழுதிக் கொடுத்தேன்.