ஹோம்ஸ்டே என்பது வாடகை வீடு அல்ல

தெப்ராவ்: பள்ளி விடுமுறை வந்தால் நம் தாமான்களில் ‘ஹோம்ஸ்டே’ என்று எழுதிய வீடுகளைத் தேடிக் குடும்பங்கள் வருகின்றன. சாவியை வாங்கி, ஆளில்லாத வீட்டில் இரண்டு நாள் தங்கி, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சரியாகச் சொன்னால் அது வாடகை வீடு.

சுற்றுலா அமைச்சில் பதிவு பெற்ற ஹோம்ஸ்டே வேறு. அங்கே கம்பத்துக் குடும்பத்தோடு ஒரே வீட்டில் தங்கி, அவர்கள் சமைப்பதைச் சேர்ந்து சாப்பிட வேண்டும். தனி வீடாக இல்லாமல், பல குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. 1995-இல் பகாங், தெமெர்லோ அருகிலுள்ள டேசா முர்னியில் அதிகாரப்பூர்வமாகத் தொடங்கியது.

போகுமுன் சிலவற்றைச் சொல்லிவிடுவது நல்லது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பதிவு செய்யும்போதே தெரிவித்துவிட்டால், மீனோ கோழியோ சமைப்பார்கள். சைவர்கள் பெலாச்சானும் நெத்திலியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும்; சம்பாலில் அவை இருக்கும். மதுவைக் கொண்டுபோகக் கூடாது. வாசலில் காலணியைக் கழற்றுவது நமக்குப் புதிதல்ல. வீட்டுப் பெண்கள் கை நீட்டாவிட்டால், ஆண்கள் நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொன்னால் போதும்.

பகலில் பழத்தோட்டம், செம்பனை, சில இடங்களில் பால்மரம் வெட்டு எனக் கம்பத்து வேலைகளைப் பார்க்கலாம். மாலையில் சொங்காக் விளையாடலாம். பாட்டிமார் அதைக் கண்டதும் பல்லாங்குழியை நினைப்பார்கள்.

தோட்டத்திலும் நாம் வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லையே, அங்கே ஏன் இப்படி ஒரு திட்டம் வேரூன்றவில்லை? விடை வீட்டில் இருக்கிறது. கம்பத்து வீடு பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் சொத்து. லயத்து வீடு நிர்வாகத்தின் சொத்து. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் கைமாறினால் லயமே இருக்காது. விருந்தோம்பல் நம்மிடம் இருந்தது, விருந்தாளியை வரவேற்கச் சொந்த வாசல்தான் இல்லை.

அதனால்தான் தாமானில் வளரும் பல பிள்ளைகள், கொள்ளுத்தாத்தா வெட்டிய பால்மரத்தை முதன்முதலில் ஒரு மலாய்க் கம்பத்தில்தான் தொட்டுப் பார்க்கக்கூடும். போகும்போது பால் வெட்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். உளியை எந்தச் சாய்வில் பிடிப்பது, பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது என்பதைக் கம்பத்துக்காரரும் அவர்களும் பேசிக்கொள்ளட்டும். பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.