டிஷ் வந்தாலும் அன்டனாவைக் கழற்றாதீர்கள்

இலங்கையின் மிக உயரமான மலை நுவரெலியா மாவட்டத்து டயகமவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. பிதுருதலாகல, 2,524 மீற்றர். 1982 பெப்ரவரி 15 இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி தொடங்கியபோது பிரதான ஒளிபரப்புக் கோபுரத்தை அதன் உச்சியில்தான் நட்டார்கள். நேர்கோட்டில் அளந்தால் இருபது கிலோமீற்றர்கூட வராது. அப்படியிருந்தும் அக்கரப்பத்தனையைத் தாண்டி டயகம தோட்டங்களுக்குள் போனால் லயத்துக் கூரைகளில் வரிசையாக டிஷ்தான். அந்தி சாய்ந்து கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்தவர்கள் பெட்டியைப் போட்டால் சென்னைதான் பேசுகிறது.

இதற்குப் பாசம் ஒரு காரணம் என்றால் பூகோளம் இன்னொரு காரணம். கோபுரத்திலிருந்து வரும் தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நடுவே மேடு வந்தால் அதற்கப்பால் நிழல் விழும். டயகம ஹோர்ட்டன் சமவெளியின் காலடியில், மலைகள் சூழ்ந்த இடத்தில் இருக்கிறது. அதனால் மேல் டிவிசன் லயத்தில் தெளிவாகத் தெரியும் சனல், கீழே ஆற்றோரத்து லயத்தில் திரை முழுக்கப் புள்ளியாக வரும். செயற்கைக்கோளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. நாமோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைதான் தள்ளி இருக்கிறோம். ஆகவே இந்திய டிஷ் சேவைகளின் செயற்கைக்கோள்கள் கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேலே, கொஞ்சம் கிழக்காக நிற்கின்றன. எந்த மலையும் குறுக்கே நிற்க முடியாது.

மழை மட்டும் குறுக்கே வரும். டிஷ் வாங்கும் அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான். அவ்வளவு சிறிய அலையை மழைத்துளிகள் உறிஞ்சும், சிதறடிக்கும். தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும் ஜூன், ஜூலையில் தொடரின் முக்கியமான கட்டத்தில் படம் உறைந்து நிற்பது இதனால்தான். அந்த நேரத்தில் கூரையேறி டிஷ்ஷைத் திருப்புவதில் பயனில்லை. மழை விட்டால் தானாக வரும். திருப்பி வைத்தால் மழை விட்டும் வராது.

காசுக் கதை வேறு. இந்த இணைப்புகளில் பல இந்தியச் சந்தைக்கானவை, கட்டணமும் இந்திய ரூபாயில்தான். 2022 தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய் நம் காசில் ஏறக்குறைய 2.70 ஆக இருந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் 4.60 அளவுக்கு ஏறியது. சென்னையில் கட்டணம் ஒரு சதம் கூடாமலே டயகமவில் ரீசார்ஜ் எகிறியது இப்படித்தான்.

சரி, இருப்பதில் எதைப் பார்ப்பது? முதலில் செய்தியைச் சொல்கிறேன், ஏனென்றால் டிஷ் மட்டும் உள்ள வீட்டில் முதலில் காணாமல் போவது அதுதான். அந்த வீட்டாருக்கு மெரினாவில் அலை எவ்வளவு உயரம் எழுந்தது என்று தெரியும். தங்கள் பேருக்கு எவ்வளவு சம்பளம் என்று வர்த்தமானி வந்தது தெரியாமல் போகலாம். 2024 இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள்: மே தினத்தில் 1,700 ரூபா என்று அறிவித்தார்கள், விவகாரம் நீதிமன்றம் போனது, செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவில் வந்து நின்றது. நடுவில் என்ன நடந்தது என்று சென்னைச் சனல் எதுவும் நாள்தோறும் சொல்லப் போவதில்லை. 1998 இல் வந்த சக்தி, 2009 இல் ஐ.ரி.என். தொடங்கிய வசந்தம், ரூபவாஹினியின் நேத்ரா என்று மூன்று தமிழ்ச் சனல்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. மூன்றும் இலவசம். மூன்றில் ஒன்றின் இரவுச் செய்தியை வீட்டில் ஒருவராவது பார்த்தாக வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கைக்கும் இதே வழிதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு ஓடுவது உள்நாட்டுச் சனல்களில். எச்சரிக்கை தேவைப்படும் அளவுக்கு மழை பெய்யும் இரவில் டிஷ்ஷும் படுத்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டுச் சனல்கள் மீது எனக்குக் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். டயகம என்ற பெயர் அவற்றில் நாட்கணக்கில் ஒலித்தது 2021 ஜூலையில். கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் வீட்டில் வேலைக்கு நின்ற பதினாறு வயது டயகமப் பிள்ளை தீக்காயங்களோடு இறந்தபோது கமராக்கள் இந்தத் தோட்டத்தின் பாதை வரை வந்தன. ஒரு சாவு, ஒரு சம்பளப் போராட்டம், ஒரு மண்சரிவு என்று ஏதாவது நடந்தால் வருவார்கள். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை பெரட்டுக்களத்தில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க யாரும் வருவதில்லை.

அரசியல் விவாதம் பிடித்தவர்களுக்கு சக்தியின் 'மின்னல்' பழக்கமான பெயர். அதை நடத்திய ஸ்ரீரங்கா 2010 தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலேயே போட்டியிட்டு நாடாளுமன்றம் போனார். கேள்வி கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் ஒரே தொழிலுக்கு ஆசைப்படலாம் என்பதை மறக்காமல் இத்தகைய நிகழ்ச்சிகளைப் பார்ப்பது நல்லது.

பிள்ளைகளுக்கு வருவோம். 2020 இல் பாடசாலைகள் மூடியபோது கல்வி அமைச்சு சிங்களத்தில் 'குருகெதர', தமிழில் 'குருகுலம்' என்று தொலைக்காட்சிப் பாடங்களைத் தொடங்கியது. தமிழ்ப் பாடங்கள் நேத்ராவில் வந்தன. போன் சிக்னலுக்கு மேட்டில் ஏறி நிற்க வேண்டிய பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. டேட்டாவும் கேட்காது, அக்காவும் தம்பியும் ஒரு போனுக்குச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். டிஷ் உள்ள வீட்டில் தமிழில் பேசும் டிஸ்கவரியும் கிடைக்கும், அதையும் பார்க்கட்டும். ஆனால் ஆபிரிக்கச் சிங்கத்தை ரசிக்கும் பிள்ளைக்கு, நம் தேயிலை மலைகளிலேயே சிறுத்தை நடமாடுகிறது என்றும், 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கம் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று பொறியில் சிக்கிச் செத்தது என்றும் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பாட்டுப் போட்டிகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2023 இல் ஜீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மேடையில் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை அசானி பாடினார். யாழ்ப்பாணத்து கில்மிஷா பட்டத்தையே வென்றார். மலையக மக்கள் இங்கு வந்து 200 ஆண்டுகள் என்று நினைவுகூர்ந்த வருடம் அது. தங்கள் சாயலில் ஒரு முகத்தைத் தோட்டத்துச் சனம் அந்த வருடம் அதிகம் பார்த்தது சென்னை மேடையில் என்பது நம் சனல்கள் யோசிக்க வேண்டிய விடயம்.

தொடர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், ஒன்று போதும். 'சித்தி' தொடர் ஓடிய காலத்தில் இலங்கை மணிக்கூடு இந்தியாவை விட அரை மணித்தியாலம் முன்னால் ஓடியது. சென்னையின் ஒன்பது மணி இங்கே ஒன்பதரை. 2006 ஏப்ரலில் இரு நாட்டு நேரமும் ஒன்றானதால் அந்த அரை மணித்தியாலம் மிச்சமானது. ஆனாலும் ஆறரைக்குத் தொடங்கி பத்தரை வரை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் பெரட்டுக்கு நிற்பது உடம்புக்கு ஆகாது.

படம் பார்க்க ஒரு ஞாயிறு கிடைத்தால் பாலாவின் 'பரதேசி'யைத் (2013) தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்டக் கதைதான், ஆனால் கங்காணி பேசும் பேச்சு இங்கே யாருக்கும் புதிதாக இருக்காது. தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் எடுத்து நடித்த 'புதிய காற்று' (1975) இலங்கைத் தோட்ட வாழ்வைச் சொன்ன படம். உள்நாட்டுச் சனல்கள் அதை எங்கிருந்தாவது தேடியெடுத்துப் போட்டால் நன்றாக இருக்கும்.

டிஷ் வைத்திருப்பவர்கள் அன்டனாவையும் வைத்திருக்கத் தனிச் செலவு அதிகமில்லை. டிஷ் பெட்டி ஏவி அல்லது எச்டிஎம்ஐ வயரில் சேர்வதால் தொலைக்காட்சியின் அன்டனாத் துளை பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். 2014 இலேயே இலங்கை ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தேர்ந்துவிட்டாலும் மாற்றம் இழுபட்டுக்கொண்டே போனதால் பழைய அன்டனாவுக்கு இன்னும் வேலை இருக்கிறது. ரூபவாஹினிக்கும் நேத்ராவுக்கும் அதை வடக்கே பிதுருதலாகலப் பக்கம் திருப்புங்கள். லயத்தின் எந்தக் காம்பிராக் கூரையில் தெளிவாக வருகிறது என்று அயலவரோடு சேர்ந்து சோதித்துப் பார்த்துவிட்டு ரிமோட்டில் சனல்களைத் தேடவிடுங்கள். மற்றச் சனல்களுக்கு வேறு திசை பிடிக்க வேண்டி வரலாம். குழாயை இறுக்கிக் கட்டுமுன் அதையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.