எத்தனை மூடை ஏற்றலாம்? வாகனம் வாங்குமுன் ஒரு கணக்கு

வியாபாரம் சற்று வளர்ந்ததும் நம்மவர்கள் முதலில் நினைப்பது சொந்தமாக ஒரு வாகனம் வாங்குவதைத்தான். வாடகை லொறிக்குக் கொடுக்கும் பணத்தை லீசிங் தவணைக்குக் கட்டலாமே என்பது நியாயமான யோசனைதான். ஆனால் வாகனத்தைத் தெரிவு செய்யும்போது விலை, எரிபொருள் செலவு, மறுவிற்பனைப் பெறுமதி ஆகியவற்றை விசாரிக்கும் அளவுக்கு, அது சட்டப்படி எவ்வளவு பாரம் சுமக்கலாம் என்பதை நாம் விசாரிப்பதில்லை.

உதாரணத்துக்கு, அக்குறணையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் புறக்கோட்டையிலிருந்து சீனியும் பருப்பும் கொண்டுவர ஒரு கெப் வாகனம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இது ஒரு டொன் வண்டி" என்கிறார் விற்பவர். ஒரு டொன் என்றால் 50 கிலோ மூடை இருபது என்று இவர் மனக்கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு சரியா?

பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று, வாகனத்தின் வெற்று எடை. மற்றது, வாகனமும் அதிலுள்ள ஆட்களும் சரக்கும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச அளவான மொத்த எடை. வெற்று எடை 1,900 கிலோ, மொத்த எடை 2,900 கிலோ என்றால் மீதி 1,000 கிலோ. ஆனால் இந்த ஆயிரமும் சரக்குக்கு உரியதல்ல. சாரதியும் இரண்டு உதவியாளர்களும் ஏறினால் ஆளுக்கு 70 கிலோ வீதம் 210 கிலோ போய்விடும். பின்னர் பொருத்திய இரும்புக் கூடும் தாப்பாளும் 100 கிலோ. கயிறு, ஜெக், கருவிகள் 40 கிலோ. மிஞ்சுவது 650 கிலோ, அதாவது பதின்மூன்று மூடை. இருபது மூடை ஏற்றினால் 350 கிலோ அதிகப் பாரத்தோடுதான் இவர் ஒவ்வொரு முறையும் வீதியில் போகிறார்.

"கராஜில் சொல்லி ஸ்பிரிங் பட்டை இரண்டு கூட்டினால் சரி" என்று சிலர் சொல்வார்கள். பட்டை கூட்டினால் வண்டியின் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். பிரேக், அச்சு, டயர் ஆகியவை பழைய அளவிலேயே இருக்கின்றன. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் மாறுவதில்லை. டயரின் பக்கவாட்டிலுள்ள எண்களையும் பாருங்கள். அளவுக்கு அடுத்து வரும் பாரக் குறியீடு 100 என்றால் அந்த டயர் தாங்குவது 800 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. மலிவு என்பதற்காகக் குறைந்த குறியீடுள்ள டயரைப் போட்டால், ஏற்ற முடிந்த பாரமும் குறைந்துவிடும்.

மிளகும் கிராம்பும் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை இறக்கத்தில் கொழும்புக்கு வரும் வண்டியைச் சற்று நினைத்துப் பாருங்கள். பாரம் கூடக்கூட பிரேக் அதிகம் சூடாகும். சூடு மிஞ்சினால் மிதித்தும் பிடிக்காது. அங்கே ஆபத்துக்குள்ளாவது நமது சரக்கு மட்டுமல்ல, எதிரே வரும் குடும்பமும்தான்.

இழுவைப் பெட்டி, அதாவது ட்ரெய்லர், கொழுவ நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இழுக்கும் திறன் வேறு, தாங்கும் திறன் வேறு. அமெரிக்காவில் கெப் வாகனத்தின் பின்தட்டிலேயே கொழுவும் 'ஃபிஃப்த் வீல்' என்ற கனமான ட்ரெய்லர்கள் உண்டு. அவற்றின் எடையில் ஏறக்குறைய 15 முதல் 25 சதவீதம் வரை இழுக்கும் வாகனத்தின் மீதே இறங்கும். 14,000 இறாத்தல் ட்ரெய்லரில் 20 சதவீதம் என்றால் 2,800 இறாத்தல், அதாவது சுமார் 1,270 கிலோ. விளம்பரத்தில் போடப்படும் இழுவை எண்ணை மட்டும் நம்பி வாங்கியவர், சாரதிப் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் பார அளவைப் பார்த்த பின்னரே தன் வாகனம் போதாது என்பதை உணர்கிறார். நமது துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கும் பிரைம் மூவர்களிலும் இதே வகை இணைப்புத்தான். ஆனால் அவை அதற்கென்றே செய்யப்பட்டவை.

அடுத்தது சாரதி அனுமதிப்பத்திரம். நமது நாட்டில் 'பி' வகுப்பு, மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத வாகனத்துக்கே செல்லும். அதனுடன் கொழுவும் ட்ரெய்லரின் வெற்று எடை 250 கிலோவைத் தாண்டக்கூடாது. 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிக்கு 'சி1' வேண்டும். அதற்கான ட்ரெய்லர் எல்லை 750 கிலோ. அதையும் தாண்டிய இணைப்பு வாகனங்களுக்கு 'சிஈ' வேண்டும். இங்கே கணக்கில் எடுக்கப்படுவது வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே தவிர, அன்று ஏற்றிய பாரம் அல்ல. "வெறும் லொறிதானே, தம்பி ஓட்டட்டும்" என்று 'பி' வகுப்பு மட்டும் உள்ளவரிடம் சாவியைக் கொடுப்பது தவறு. விபத்து நேர்ந்தால், உரிய அனுமதிப்பத்திரம் இல்லாத சாரதி என்ற காரணத்தினால் காப்புறுதிக் கோரிக்கையும் சிக்கலாகும். தவணையோ தொடர்ந்து கட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே வாகனம் பார்க்கப் போகுமுன் கொப்பியில் நான்கு விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நடையில் வழமையாக எத்தனை கிலோ வருகிறது? வண்டியில் எத்தனை பேர் போவார்கள்? பதிவுப் புத்தகத்திலுள்ள வெற்று எடையும் மொத்த எடையும் என்ன? ஓட்டப்போகிறவரின் அனுமதிப்பத்திரம் எந்த வகுப்பு? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னர் விலை பேசுங்கள்.

வருடத்தில் இரண்டு தடவை மட்டும் வரும் பெரிய சரக்குக்காகப் பெரிய லொறி வாங்கத் தேவையில்லை, அந்த இரண்டு நடைக்கு வாடகை லொறி போதும். ஆனால் வாராவாரம் இருபது மூடை கொண்டுவருகிறவர், பதின்மூன்று மூடை வண்டியை வாங்கிவிட்டு இலாபம் என்று எண்ணக்கூடாது. டயருக்கும் பிரேக்குக்கும் தண்டப்பணத்துக்கும் போகும் காசை வருட முடிவில் கூட்டிப் பார்த்தால், வாங்கும்போது மிச்சம் பிடித்த தொகை அதிலேயே போயிருப்பது தெரியவரும்.