முக்கால் டாலரும் முகவரியற்ற கணக்கும்

கோடி ரூபாய் குறைந்தால் தணிக்கைக் குழு அமைப்போம். சில்லறை உதைத்தால் சரிக்கட்டிவிட்டு நகர்வோம். சில்லறைப் பிசகைத் துருவியதால் ஓர் உளவு வலையே வெளிப்பட்ட வரலாறும் உண்டு.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் யுனிக்ஸ் கணினிகளைப் பயன்படுத்தும் நேரத்துக்கு அப்போது கட்டணம் இருந்தது. அந்நேரத்தை இரண்டு மென்பொருள்கள் தனித்தனியே பதிவு செய்தன. 1986 ஆகஸ்டில் இரண்டுக்குமிடையே 75 சென்ட் வேறுபாடு. அதை ஆராய்ந்தவர், வானியலாளராக இருந்து கணினிப் பிரிவுக்கு மாறிய கிளிஃபோர்டு ஸ்டால். 'ஹன்டர்' என்றொரு பயனர் கணக்கு இருந்தது. கட்டணச்சீட்டு அனுப்ப முகவரி இல்லை.

அக்கணக்கு நீக்கப்பட்டது. ஊடுருவல் நிற்கவில்லை. வெளிநாடு சென்றிருந்த ஒருவரின் கணக்கு இங்கே இயங்கிக்கொண்டிருந்தது. இம்முறை ஸ்டால் கதவை அடைக்கவில்லை. தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, ஊடுருவியவரின் ஒவ்வொரு கட்டளையையும் பதிவு செய்தார். தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் முடிந்தது. மார்கஸ் ஹெஸ் என்பவர் ஏறத்தாழ 450 கணினிகளில் நுழைய முயன்று, 30-க்கும் மேற்பட்டவற்றில் வென்றிருந்தார். தகவல்கள் சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்கு விற்கப்பட்டன.

யுனிக்ஸில் பயனர் பட்டியல் ஒரு சாதாரண உரைக்கோப்பு. ஒரு வரிக்கு ஒரு பயனர். அறியாத பெயர் எல்லாம் திருடன் அல்ல. அஞ்சல், அச்சு போன்ற பணிகளுக்கு இயங்குதளமே சில கணக்குகளை வைத்திருக்கும். ஆனால், பயனர் எண் சுழியம் என்றால் முழு அதிகாரம். நிர்வாகிக்குரிய அந்த எண் வேறொரு பெயருக்கும் இருந்தால் உடனே விசாரிக்க வேண்டும். யார் உருவாக்கியது, எப்போது, யார் ஒப்புதலுடன் என்பவையே கேள்விகள். விடை கிடைக்கும் முன் கணக்கை அழித்தால் தடயமும் அழியும். முடக்கிவைத்து, பதிவேடுகளைப் படியெடுப்பதே முறை.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னைக் கவர்வது வேறொன்று. ஒரே பதிவேடு இருந்திருந்தால் பிசகே தெரிந்திராது. பணப்பெட்டியும் பேரேடும் ஒருவர் கையில் இருக்கலாகாது என்பது பழைய வணிக நெறி. அவ்வாறே கணினியின் பயனர் பட்டியலை, பணியாளர் பிரிவு தனியே பராமரிக்கும் பட்டியலோடு மாதந்தோறும் ஒப்பிட வேண்டும். ஓய்வு பெற்றவர், மாறுதலாகிச் சென்றவர் பெயர்கள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. சில்லறையையும் மதிக்கும் கணக்கர் மனம் போதும்.