குழந்தைக்குப் போடும் ஊசியில் அலுமினியமா? பயப்பட வேண்டுமா?

புனே அருகே தேஹு ரோட்டில் இருக்கிறீர்கள். நாளை குழந்தைக்கு ஆறாவது வார ஊசி. இரவு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: "ஊசியில அலுமினியம் இருக்கு, மூளையைப் பாதிக்கும்." போடலாமா, வேண்டாமா?

அலுமினியம் இருப்பது உண்மை. ஆபத்து என்பதுதான் உண்மையல்ல.

எந்த ஊசியில் இருக்கிறது?

6, 10, 14-வது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் உட்பட ஐந்து நோய்களுக்கு எதிரான ஊசி இது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் அரசுத் திட்டத்தில் முதலில் வந்தது. இதைத் தயாரிக்கும் சீரம் இன்ஸ்டிடியூட் உங்கள் புனேயின் ஹடப்ஸரில்தான் இருக்கிறது. போலியோ சொட்டு மருந்து, பிசிஜி, தட்டம்மை-ரூபெல்லா ஊசிகளில் அலுமினியம் கிடையாது.

எதற்காகச் சேர்க்கிறார்கள்?

இது பாத்திரம் செய்யும் உலோகம் அல்ல, அலுமினிய உப்பு. ஊசி போட்ட இடத்தில் நோய் எதிர்ப்பு செல்களை உசுப்பிவிடும். இது இல்லையென்றால் மருந்தும் கூடுதலாக வேண்டும், ஊசியும் அதிகம் போட வேண்டியிருக்கும். 1926-ல் பிரிட்டனில் அலெக்சாண்டர் கிளென்னி குழு கண்டறிந்த வழி இது.

உடலில் தங்கிவிடாதா?

ஒரு டோஸில் அதிகபட்சம் 1.25 மில்லிகிராம்தான் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 'தாய்ப்பாலிலும் அலுமினியம் இருக்கிறதே' என்பார்கள். உண்மைதான், ஆனால் வயிற்றுக்குப் போவதில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்தத்தில் கலக்கும். ஊசியில் போவது மெல்ல மெல்லக் கலக்கும். பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். குழந்தைக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஆய்வு என்ன சொல்கிறது?

டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த முடிவுகள் 2025 ஜூலையில் வெளியாகின. ஆட்டிசம், ஆஸ்துமா உட்பட 50 நோய்களைப் பார்த்தார்கள். ஊசியில் சேரும் அலுமினியத்தின் அளவு கூடியதால் இவற்றின் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

என்ன தொந்தரவு வரலாம்?

வலி, வீக்கம், ஓரிரு நாள் காய்ச்சல். சில குழந்தைகளுக்குச் சின்ன கட்டி சில வாரம் இருந்து கரையும். கடும் அலர்ஜி மிக அரிது. அதனால்தான் ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள்.

கக்குவான் இருமல் உயிருக்கே ஆபத்தாக முடிவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். 'கொஞ்சம் பொறுத்துப் போடலாம்' என்று தள்ளிப்போடும் வாரங்களும் அவைதான்.